கைமாறிய படகுகள்

சான் பாப்லோ ஏரியில் ஞாயிற்றுக்கிழமை ரிமோட் படகுப் போட்டி. ஊருக்குள் ஓடும் ஜீப்னி வண்டிகளுக்கு சீட் உறை தைக்கும் தொமிங்கா, தன் படகோடும் அதற்கான புது ரிசீவரோடும் வந்து மரத்தடியில் உட்கார்ந்தாள். அதை ரிமோட்டோடு ஜோடி சேர்க்க வேண்டும். ரிசீவரின் பொத்தானை அழுத்தியபடியே பேட்டரியைச் செருகினாள். விளக்கு படபடவென்று சிமிட்டியது. ரிமோட்டின் பொத்தானையும் அழுத்தினாள். சிமிட்டல் அடங்கி விளக்கு நிலையாக எரிந்தது. நிம்மதியாக ரிசீவரைப் படகுக்குள் வைத்து மூடியை டேப் ஒட்டி அடைத்தாள்.

மரத்துக்கு அந்தப் பக்கம் முடிதிருத்தும் தியோடோரோவும் அதே வேலையாகத்தான் இருந்தான். எட்டு மாதமாக இருவருக்கும் பேச்சில்லை. திருவிழாப் போட்டியில் அவன் படகு அவளுடையதை இடித்து மூழ்கடித்துவிட்டது. சுக்கான் சிக்கிக்கொண்டது என்றான். அவள் நம்பவில்லை.

தொமிங்கா படகைத் தண்ணீரில் விட்டு விசையை அழுத்தினாள். படகு அசையவில்லை. மரத்துக்குப் பின்னால்தான் மோட்டார் அலறியது. தரையில் விரித்த பாயில் இருந்த தியோடோரோவின் படகு பாய்ந்து அவன் நூடுல்ஸ் தட்டைக் கவிழ்த்தது. பதறிப்போய் அவன் தன் ரிமோட்டை அழுத்த, அவள் படகு ஏரிக்குள் கிளம்பிவிட்டது.

"ஏய், என் படகை எங்கடா ஓட்டுறே?"

"நானா? நீங்கதான் அக்கா என் சோத்துல மண்ணைப் போட்டீங்க!"

ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள். ஒரே நேரத்தில் இருவரும் ஜோடி தேடியதில், அவள் ரிசீவர் அவன் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டது, அவனுடையது அவளுடையதை.

"அடுத்த பந்தயம், ரெண்டு நிமிஷம்!" ஒலிபெருக்கி கத்தியது. டேப்பைப் பிரித்து ஒட்டவே பத்து நிமிஷமாகும்.

"அப்படியே ஓட்டிரலாம்க்கா. நீங்க என்னோடதை, நான் உங்களோடதை."

"நான் நல்லா ஓட்டினா உன் படகுல்ல ஜெயிக்கும்?"

"நான் நல்லா ஓட்டினா உங்களோடது."

"மறுபடி மூழ்கடிச்சே, உன் கத்தியாலயே உனக்கு மொட்டை போட்டுருவேன்."

ஆறு படகுகள் கிளம்பின. இரண்டாவது திருப்பத்தில் அவள் கையிலிருந்த படகு தானாக இடப்பக்கம் இழுத்தது. வலப்பக்கம் திருகினாள், கேட்கவில்லை. சுக்கான் சிக்கிவிட்டது. நேரே அவளுடைய படகின் விலாவுக்குத்தான் போனது. தியோடோரோ சட்டென்று ஒடித்து விலக்கினான். ஒரு சாண் இடைவெளியில் தப்பியது.

"பாத்தீங்களா?" என்றான், ஏரியிலிருந்து கண்ணெடுக்காமல்.

"பாத்தேன். எட்டு மாசமா இதைச் சரி பண்ணாம என்னடா பண்ணினே?"

"கோவத்துல அப்படியே பெட்டியில போட்டுட்டேன். இன்னைக்குத்தான் எடுத்தேன்."

அவள் படகு இரண்டாவதாக வந்தது. அவனுடையது ஐந்தாவது.

"என் படகை ஓட்டத் தெரிஞ்ச ஆளு நீதான் போல," என்று அவள் சொன்னதும் அவன் வாய் காது வரை விரியச் சிரித்தான்.

அடுத்த சுற்றுக்கு நேரமிருந்தது. முதலில் அவன் ஜோடி சேர்க்கட்டும் என்று, தன் ரிமோட்டை அணைத்து வைத்துவிட்டு, அவன் பெட்டியிலிருந்து ஓர் அரத்தைத் தேடி எடுத்தாள். அவன் சேர்த்து முடித்ததும் அவன் படகை மடியில் கவிழ்த்துப் போட்டு, சுக்கான் தண்டின் பிசிரை அவளே தேய்த்தாள்.

"உன் பொண்ணு பள்ளிக்கூடம் சேந்துட்டாளா?"

அவன் சொல்லத் தொடங்கினான். எட்டு மாதக் கதை, நிறைய இருந்தது.