குழாயின் ஆயுளும் மாமனாரின் வயதும்

தண்ணீர் கம்பெனியில் அவரை எல்லோரும் வரிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வரி வாங்குகிறவர் அல்ல. கம்பெனி கட்ட வேண்டிய வருமான வரியை ஜனங்களின் தண்ணீர்க் கட்டணத்தில் எப்படி ஏற்றுவது என்று கணக்குப் போடுகிறவர். "நூறு லாபம் நிக்கணும்னா நூறு வசூலிச்சாப் போதாது. கால் பங்கை அரசாங்கம் எடுத்துக்கும். அதனால நூத்து முப்பத்து மூணு வசூலிக்கணும். வரிக்காக வாங்கற முப்பத்து மூணுக்கும் வரி உண்டு, அதுவும் அதுக்குள்ளயே அடக்கம்" என்பதை அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கேட்கிறவர்களும் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

மாமனார் மட்டும் மூடிக்கொள்ளவில்லை. அதில்தான் வந்தது வினை.

மாமனார் லிஃப்ட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும் லிஃப்டைக்கூட நிறுத்தி, "ஏன் ஓடுது?" என்று கேட்டுப் பழகியவர். மகளோடும் மருமகனோடும் ஒரே வீட்டில் இருந்தார். நான்கு வருஷத்துக்கு முன்னால், உறவுக்காரர்கள் பத்துப் பேர் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, தண்ணீர் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏன் மாப்பிள்ளை, இதுல வருமான வரின்னு ஒண்ணு போட்டிருக்கே, யாரோட வருமானம்? எனக்கு வர்றது பென்ஷன். வருமானம் கம்பெனிக்கு, வரி மட்டும் எனக்கா?"

வரிக்காரர் வாயில் சோறு இருந்தது. அதை விழுங்கிவிட்டு நிதானமாகப் பதில் சொல்லியிருக்கலாம். விழுங்காமலே சொன்னார்: "உங்களுக்குச் சொன்னாப் புரியாது மாமா."

பத்துப் பேரும் சிரித்தார்கள். அன்றோடு மாமனார் மருமகனிடம் நேரடிப் பேச்சை நிறுத்திவிட்டார்.

சண்டை என்று சொல்ல முடியாது. எல்லாம் மகள் வழியாக நடந்தது. ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, "ஏம்மா, அவர் அந்த உப்பை இப்படி நகர்த்துவாரான்னு கேளு" என்பார் மாமனார். "மாமா கைக்குப் பக்கத்துலயே இன்னொரு உப்பு இருக்குன்னு சொல்லு" என்பார் வரிக்காரர். மகள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அடுத்தவர் தப்புக்குத் தன் காலால் பிரேக் போடுவதுதான் அவள் பிழைப்பு. வீட்டிலும் அதையே செய்தாள். இந்தப் பக்கம் வருகிற சூட்டை ஆற்றி அந்தப் பக்கம் அனுப்புவாள். சலிப்பு வந்த நாளில் ஆற்றாமலே அனுப்பிவிடுவாள்.

இந்த நிலையில்தான் அரசாங்கம் வருமான வரி விகிதத்தைக் குறைத்தது.

கம்பெனிக்குச் சந்தோஷம்தானே என்று நினைக்கலாம். அதற்குள்ளே ஒரு முடிச்சு இருந்தது. புதுக் குழாய் பதித்தால் ஆரம்ப வருஷங்களில் குறைவாக வரி கட்டு, மீதியைப் பின்னால் கட்டு என்று அரசாங்கம் சலுகை தந்திருந்தது. ஆனால் ஜனங்களிடம் கம்பெனி முழு வரியையும் அப்போதைக்கப்போதே வாங்கிவிட்டது. பின்னால் கட்டத்தானே போகிறோம் என்று அது ஒரு பெரிய குவியலாகக் கம்பெனியிடம் இருந்தது. இப்போது விகிதம் குறைந்ததும், அந்தக் குவியலில் ஒரு பங்கை எந்தக் காலத்திலும் கட்டவே வேண்டாம் என்று ஆகிவிட்டது. அது ஜனங்களின் பணம். திருப்பித் தர வேண்டும். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எத்தனை வருஷத்தில் என்பதுதான் கேள்வி.

"குழாய்களுக்கு மிச்சம் இருக்கற ஆயுள் முப்பத்தெட்டு வருஷம். அத்தனை வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமாத் தருவோம்" என்றார் மேலாளர். "கட்டண ஆணையத்துல நீங்கதான் சாட்சி. முப்பத்தெட்டை வாங்கிட்டு வந்துட்டீங்கன்னா பிரிவுத் தலைவர் நாற்காலி உங்களுக்கு. ஜன்னலோரம்."

"சார், அதுல ஒரு பகுதிக்குத்தான் குழாய் ஆயுள் கணக்கு. மத்ததை உடனே தர்றதுக்குச் சட்டம் தடை சொல்லலையே?"

"கேட்டாச் சொல்லுங்க. கேக்காததுக்கு எதுக்கு வாயத் திறக்கணும்? எவன் கேக்கப் போறான்?"

உண்மைதான். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஆள் ஊரில் வரிக்காரர் ஒருவர்தான். அவர் சாட்சிக் கூண்டில் இருப்பார்.

ஒரு வாரம் வீட்டில் ஒத்திகை பார்த்தார். ஒத்திகையில் மனைவிதான் ஆணையத் தலைவி. பயிற்சி மாணவர்களின் அட்டைகளில் தேதி போட்டுக்கொண்டே, எழுதிக் கொடுத்த கேள்விகளை வாசிப்பாள். வரிக்காரர் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து பதில் சொல்வார். "இந்தப் பகுதியைப் பத்தி மட்டும் யாரும் கேட்டுடக் கூடாது" என்று கதவருகே வரும்போதெல்லாம் முனகிக்கொள்வார். சட்டம் தடுக்காத பகுதி எது, தொகை என்ன என்பதையும் பாடம் மறந்துபோகாமல் இருக்க உரக்கவே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மாமனார் மூலை நாற்காலியில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார்.

"அப்பா இங்கயே இருக்காங்களே, பரவாயில்லையா?" என்றாள் மனைவி.

"அவர்தான் என்கிட்டப் பேசறதே இல்லையே" என்றார் வரிக்காரர்.

செய்தித்தாளில் ஒரு பக்கம் திரும்பியது.

விசாரணை நாளன்று மண்டபத்தில் மின்விசிறிதான் அதிகம் பேசியது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் முப்பது பேர். மூன்றாவது வரிசையில் மனைவி. "அப்பா வரணும்னார், கூட்டிட்டு வந்தேன்" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாள். வரிக்காரர் சாட்சியை மணிமணியாகச் சொன்னார். கேள்வி கேட்க வேண்டிய வக்கீல்கள் அவர் நூற்று முப்பத்து மூன்றைத் தொட்டதுமே கண்ணை மூடிக்கொண்டார்கள். மேலாளர் பின்வரிசையில் கால்மேல் கால் போட்டார்.

"பொதுமக்கள் யாராவது கேக்கணுமா?" என்றார் ஆணையத் தலைவி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உறைக்குள் வைத்துக்கொண்டே.

மாமனார் எழுந்தார்.

ஒலிபெருக்கி முன்னால் போய் நின்று, தொண்டையைச் செருமி, மூன்றாவது வரிசையைப் பார்த்துச் சொன்னார்: "ஏம்மா, அந்தப் பணத்தை என்கிட்ட வாங்கினாங்களா இல்லையான்னு அவர்கிட்டக் கேளு."

மகள் பழக்க தோஷத்தில் எழுந்துவிட்டாள். "என்னங்க, அந்தப் பணத்தை அப்பாகிட்ட வாங்கினீங்களா இல்லையான்னு கேக்கறாங்க."

வரிக்காரரும் பழக்க தோஷத்தில், "வாங்கினோம்னு சொல்லு" என்றார்.

சுருக்கெழுத்தாளர் பேனாவை நிறுத்தினார். "அம்மா, இவங்க யாரு? கேள்வின்னு எழுதவா, பதில்னு எழுதவா?"

"யாருங்க நீங்க?" என்றார் தலைவி.

"நான் நடுவுல இருக்கறவங்க மேடம்" என்றாள் மகள்.

"இங்க நடுவுல இருக்கறது நான். உக்காருங்க. பெரியவரே, சாட்சியை நேராக் கேளுங்க."

மண்டபம் காத்திருந்தது. நான்கு வருஷம். மாமனார் ஒலிபெருக்கியின் கழுத்தை இரண்டு தடவை திருகினார். மூன்றாவது தடவை அது கீச்சென்றது.

"சாட்சி அவர்களே" என்று ஆரம்பித்தார். "என்கிட்ட வாங்கின அந்த வரியை அரசாங்கத்துக்குக் கட்டினீங்களா?"

"இல்லை... ங்க."

"இனிமேக் கட்டுவீங்களா?"

"அந்தப் பங்கைக் கட்ட வேண்டியதில்லை."

"அப்ப யார் காசு?"

"உங்க காசு. வாடிக்கையாளர்களோடது."

"எப்பத் தருவீங்க?"

"முப்பத்தெட்டு வருஷத்துல, கொஞ்சம் கொஞ்சமா."

"எனக்கு இப்ப எழுபத்து மூணு. குழாயோட ஆயுளைக் கணக்குப் போட்டீங்களே, என்னோடதைப் போட்டீங்களா? கூச்சப்படாமச் சொல்லுங்க."

மண்டபம் சிரித்தது. வரிக்காரருக்கு அந்தப் பழைய வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்தேவிட்டது. "உங்களுக்குச் சொன்னா..." என்றவர், மூன்றாவது வரிசையைப் பார்த்தார். மனைவியின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது.

வாக்கியம் அங்கேயே நின்றது.

"சரி, அதை விடுங்க" என்றார் மாமனார். குரல் கொஞ்சம் தணிந்தது. "ஒரே ஒரு கேள்வி. இந்தத் தொகை முழுசையும் குழாய் ஆயுளுக்குத்தான் தரணும்னு சட்டம் சொல்லுதா? இல்ல, உடனே தந்தாச் சட்டம் தடுக்காத பகுதி ஒண்ணு இருக்கா?"

பின்வரிசையில் மேலாளரின் மேல்கால் கீழே இறங்கியது.

வரிக்காரருக்குக் கூடம் கண்முன் வந்தது. மூலை நாற்காலி. செய்தித்தாள். அந்தப் பக்கத்தை ஒரு வாரமாக யார் படித்துக்கொண்டிருந்தார்கள்? பேசாதவர் கேட்கவும் மாட்டார் என்று எப்படி முடிவு கட்டினோம்? ஜன்னலோர நாற்காலி ஒரு நொடி தெரிந்தது, ஜன்னல் மூடிக்கொண்டது. சத்தியம் செய்து ஏறிய கூண்டு. கேள்வி கேட்டிருப்பவர், சொன்னால் புரியாது என்று தான் சொன்ன ஆள்.

"இருக்கு மாமா" என்றார்.

சுருக்கெழுத்தாளர் தலை தூக்கினார். "மாமாவையும் எழுதணுமா மேடம்?"

"எழுதுங்க" என்றார் தலைவி. மூக்குக்கண்ணாடி உறையிலிருந்து வெளியே வந்துவிட்டது. "எவ்வளவு பகுதி, சாட்சி?"

"கிட்டத்தட்டப் பாதி."

"அதை இதுவரைக்கும் ஏன் சொல்லலை?"

"யாரும் கேக்கலைங்க."

அந்தப் பாதியை மூன்று வருஷத்தில் திருப்பித் தர வேண்டும், மற்றதற்கு மட்டும் முப்பத்தெட்டு என்று புது அட்டவணை கொண்டுவரும்படி தலைவி அங்கேயே உத்தரவு போட்டார். படிக்கட்டில் மேலாளர் வரிக்காரரை நிறுத்தினார். "அந்த நாற்காலிக்கு வேற ஆள் பாத்துக்கறேன். உங்க வீட்டுல யாருக்காவது வேலை வேணும்னா மட்டும் தயவுசெஞ்சு இந்தப் பக்கம் அனுப்பிடாதீங்க."

வீட்டுக்குப் போகும்போது மனைவி கார் ஓட்டினாள். பக்கத்தில் வரிக்காரர், பின்னால் மாமனார்.

"ஏம்மா, அவர்கிட்ட..." என்று ஆரம்பித்து மாமனார் நிறுத்தினார். முன் இருக்கையின் முதுகில் விரலால் தட்டினார். "மாப்பிள்ளை, அந்த நாற்காலி போச்சா?"

"போச்சு மாமா."

"ம்." கொஞ்ச தூரம் போனது. "வாங்கும்போது வரிக்கும் சேர்த்து வரி வாங்கினீங்கல்ல? நூறுக்கு நூத்து முப்பத்து மூணு. திருப்பித் தரும்போது நூறு மட்டுமா, அந்த முப்பத்து மூணுமா?"

வரிக்காரர் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார். இத்தனை வருஷ வேலையில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி. "முப்பத்து மூணும் சேர்த்துத்தான் மாமா! எப்படின்னா, உங்களுக்கு நூறு குறைச்சா எங்க வருமானம் குறையுது. வருமானம் குறைஞ்சா வரி குறையுது. அந்தக் குறைஞ்ச வரியும் உங்களோடது..."

"இரு இரு. முதல்லேர்ந்து."

முதலிலிருந்து வந்தது. பழைய விகிதத்தில் ஒரு தடவை, புது விகிதத்தில் ஒரு தடவை. மாமனார் கண்ணை மூடவில்லை. வீட்டு வாசலில் கார் நின்று, என்ஜின் அணைந்து, மனைவி இறங்கிக் கதவைச் சாத்திய பிறகும் உள்ளே கைகள் ஆடிக்கொண்டிருந்தன.

கண்ணாடியைத் தட்டினாள். மாமனார் அவளைப் பார்க்காமலே சொன்னார்:

"மாப்பிள்ளை, சாவியை விட்டுட்டுப் போகச் சொல்லுங்க அவளை."