மெழுகில் நிற்பவர்கள்

1

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையில் யாரும் சாகவில்லை. நிம்மதியாகப் படியுங்கள்.

இது பொறாமையில் தொடங்கிய கதை. என் கணவர் பின்னறையில் ஓர் ஊரைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் முன்னறையில் ஒரு நாவலின் முதல் அத்தியாயத்தை வருடக்கணக்காகக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஊரில் ரயில் ஓடியது. என் அத்தியாயத்தில் ஒரு பூனைகூட நகரவில்லை. சரி, அவரையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். வீட்டு மனிதர்களை எழுதினால் சம்பளம் கேட்க மாட்டார்கள் அல்லவா?

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"அந்த நிலையத்தில் இறங்கிய எவரும் திரும்பிப் போனதில்லை. பனி மூடிய நடைமேடையில்—" (வேண்டாம். பேய்க்கதை வாசனை அடிக்கிறது.)

"தான் படைத்த ஊரைக் கடவுளைப் போல அவர் குனிந்து—" (இவர் குனிந்தால் நிமிர்வதற்கு நான் கைகொடுக்க வேண்டும். கடவுளுக்கு அந்தத் தொல்லை இருக்குமா என்ன?)

நேராகவே சொல்கிறேன். இவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கடையில் திருகாணி முடுக்கும் கை, வீட்டுக்கு வந்ததும் தூரிகையைப் பிடிக்கும். பின்னறையின் மூன்று சுவரையும் ஒட்டி ஒட்டுப்பலகை மேடை. அதன்மேல் பொம்மை ரயிலுக்குத் தண்டவாளம், ஒரு நிலையம், ஒரு பாலம், மரத்தூளுக்குப் பச்சை ஏற்றிய புல்வெளி, வருடக்கணக்காக வெறும் தெர்மோகோலாகவே நிற்கும் ஒரு மலை.* புது ரயில்பெட்டி வாங்கினால் முதல் வேலையாக அதற்குப் புகையும் துருவும் பூசுவார். என் நாத்தனாருக்கு இது மட்டும் புரியவே புரியாது. அழுக்காக்குவதற்கு எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும், என்னிடம் கொடுத்தால் சும்மாவே அழுக்காக்கித் தருவேனே என்பாள்.

* இதைப் படித்த இவர், அது சாதாரணத் தெர்மோகோல் இல்லை, கெட்டி ரகம், கத்தி வைத்தால் உதிராது என்று திருத்தச் சொன்னார். திருத்தியாயிற்று.

2

ஊர் இருந்தால் மக்கள் வேண்டும். இவர் ஊர்க்காரர்கள் கட்டைவிரல் நகம் உயரம் இருப்பார்கள். மஞ்சள் குடைக்காரி, பெஞ்சில் பேப்பர் படிப்பவர், சைக்கிளைத் தள்ளுபவர். ஒவ்வொருவரின் காலடியிலும் பென்சில் முனையளவு மெழுகு. பசை கிடையாது. காலையில் கடைக்குக் கிளம்பும் முன் நாலைந்து பேரை இடம் மாற்றி வைப்பார். நேற்று வண்டிக்குக் காத்திருந்தவர் இன்று வீட்டு வாசலில் நிற்பார். ஏன் இந்த வேலை என்று ஒருமுறை கேட்டேன்.

"தினமும் ஒரே ஆள் ஒரே இடத்துல நின்னா அது ஊர் இல்ல, போட்டோ" என்றார்.

அவர்களில் ஒருவருக்கு முன்வழுக்கை, சாம்பல் சட்டை, கையில் சின்னப் பெட்டி. இது நீங்கள்தானே என்று கேட்டால், சேச்சே, யாரோ பிரயாணி என்பார். ஆனால் அந்தப் பெட்டிக்காரர் எப்போதும் வண்டியை விட்டு இறங்கி ஊருக்குள் வருகிறவராகத்தான் இருப்பார். எங்கே வைத்தாலும் முகம் வீடுகளைப் பார்த்திருக்கும்.

(இவ்வளவும் எழுதிவிட்டு மாட்டிக்கொண்டேன். ஒரு மனிதர் பொம்மைகளை நகர்த்துகிறார், சரி, அப்புறம்? கதையில் ஏதாவது நடக்க வேண்டுமே என்று அலுத்துக்கொண்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.)

3

இவர் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. மருத்துவமனையில் அதிலிருந்து துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நாத்தனார் மட்டும் தினமும் போன் செய்து என்ன சமையல் என்று கேட்டாள். அவள் அப்படிக் கேட்கிற ஆளே இல்லை.

கடை நேரம் போக, இவர் பின்னறையே கதி என்று இருந்தார். மலைக்குச் சாந்து பூசினார், பாறைக்கு வண்ணம் கொடுத்தார். பாலத்தின் கைப்பிடி வந்தது, சிக்னல் அறைக்கு ஜன்னல் வந்தது. எனக்குச் சந்தோஷம். மனசு தெம்பாகத்தான் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். எதையும் முடிக்காத மனிதர் வரிசையாக முடித்துக்கொண்டே போனால் என்ன அர்த்தம் என்று எனக்கு உறைக்கவில்லை.

ஒரு நாள் மதியம் தூசி துடைக்கப் போனேன். துணி மஞ்சள் குடைக்காரி மேல் பட்டது. வழக்கமாகச் சாய்வாள், சாயவில்லை. விரலால் தொட்டுப் பார்த்தேன். பேப்பர்காரரைத் தொட்டேன், சைக்கிள்காரரைத் தொட்டேன். யாரும் அசையவில்லை. நொடியில் ஒட்டும் பசை போட்டு ஊர் முழுவதையும் ஒட்டியிருந்தார். பெட்டிக்காரர் நடைமேடையின் விளிம்பில், வண்டியைப் பார்த்து நின்றார்.

கடையிலிருந்து வந்ததும் கேட்டேன்.

"ஏங்க எல்லாரையும் ஒட்டிட்டீங்க?"

செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "இடம் மாத்த நான் இல்லாம போனா, தூசி தட்டும்போது ஒவ்வொண்ணா விழும். நீ குனிஞ்சு தேடிட்டு இருக்கக் கூடாதுல்ல."

அன்றுதான் எனக்குப் பயம் வந்தது. இவர் இல்லாத வீட்டை இவரே எனக்காகத் துடைத்து வைத்துக்கொண்டிருக்கிறார் என்று புரிந்ததும் அடுப்படிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

4

(இந்த இடத்தில் ஒரு முடிவு இருந்தது. காலி அறை, தானாகச் சுற்றும் ரயில், வாசலில் நிற்கும் மனைவி. பயத்தில் எழுதியது. நல்ல நடை என்று யாராவது பாராட்டியிருப்பார்கள். கிழித்துப் போட்டுவிட்டேன்.)

6

ஐந்தாம் பகுதி முழுக்க மருத்துவமனை நாற்காலிகள். அதை நீங்கள் தாண்டிவிடலாம். எங்களால்தான் முடியவில்லை.

மருத்துவர் சொன்னது இவ்வளவுதான்: "பயப்பட ஒண்ணும் இல்லை. சாதாரணக் கட்டி. அதுபாட்டுக்கு இருக்கட்டும்."

ஒன்றும் இல்லை. கதையில் இப்படி எழுதினால், இதற்கா இவ்வளவு பக்கம் என்பீர்கள். அந்த அறையில் கேட்டுப் பாருங்கள், மொழியிலேயே இதைவிட நல்ல வாக்கியம் கிடையாது.

வெளியே வந்து எதிர்க்கடையில் டீ வாங்கினோம். நாத்தனாருக்குப் போன் செய்தேன். அவள் மூக்கை உறிஞ்சிவிட்டு வைத்துவிட்டாள். இவர் இரண்டு வாய் குடித்தார். திடீரென்று முகம் வெளிறிவிட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயையோ, எல்லாரையும் ஒட்டித் தொலைச்சிட்டேனே" என்றார்.

எனக்கு வந்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

7

இப்போது பின்னறையில் மீட்புப் பணி நடக்கிறது. மெல்லிய பிளேடை வைத்து ஒவ்வொருவராகக் கிளப்புகிறார். பேப்பர்காரர் எழுந்துவிட்டார், அவருடைய கால்சட்டையின் பின்பாதி பெஞ்சிலேயே தங்கிவிட்டது. மஞ்சள் குடைக்காரிக்கு இரண்டு பாதமும் போயிற்று; அவளை உயரமான புல்லுக்குள் நிறுத்தியிருக்கிறார், தெரியாது. பாதி ஊருக்குக் கால் இல்லை, எல்லாரும் புல் பார்க்கப் போயிருக்கிறார்கள். மலையில் ஓரிடத்தில் சாந்தைச் சுரண்டி மறுபடி வெறும் தெர்மோகோலாக்கிவிட்டார். (கெட்டி ரகம்.) ஏதாவது பாக்கி இருக்கணும் என்கிறார்.

கணுக்கால் முறியாமல் முழுசாக வந்தவர் பெட்டிக்காரர் ஒருவர்தான். காலடிப் பசையைச் சுரண்டி, மெழுகு வைத்து, என் உள்ளங்கையில் தந்தார்.

"நீயே எங்கயாவது வை."

பெஞ்சில் வைத்துப் பார்த்தேன், பாலத்தில் வைத்துப் பார்த்தேன். என்னால் தீர்மானிக்க முடியவில்லை. இப்போது இந்தத் தாளின் மேல்தான் நிற்கிறார், இந்த வரிக்குச் சற்று மேலே. எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் நிறுத்தலாம், குடைக்காரிக்குத் துணையாகப் புல்லில் விடலாம். இன்று வைத்த இடம் பிடிக்காவிட்டால் நாளை மாற்றிக்கொள்ளலாம், வெறும் மெழுகுதான்.

வண்டி வந்து நிற்கும். அதில் மட்டும் அவரை ஏற்றிவிடாதீர்கள்.