பரிசாக வந்த எஞ்சின்

சிலருக்குக் கல்யாண நாளுக்கு நகை வரும். எனக்கு எஞ்சின் வந்தது. பட்டறை நடுவில், சங்கிலியில் தொங்கிக்கொண்டு, என் குட்டிக் காரின் திறந்த பானெட்டுக்கு மேலே. "உனக்காகத்தான்" என்றார் என் வீட்டுக்காரர். வாயெல்லாம் பல்.

அந்தக் காரில் இரண்டே சீட். பின்சக்கரம் தள்ளுகிற வண்டி, எடையே கிடையாது, எஞ்சினும் சின்னது. நேர்ரோட்டில் கண்டவனெல்லாம் என்னைத் தாண்டிப் போவான். வளைவு வந்தால் என் ராஜ்ஜியம். மற்றவர்கள் பிரேக்கை மிதித்துத் திணறும் இடத்தில் நான் வேகத்தைச் சிந்தாமல் உள்ளே விடுவேன். ஆக்ஸிலேட்டரை லேசாகத் தொட்டால் போதும், வண்டியின் வால் திரும்பிக் கொடுக்கும். எங்கள் கிளப் டிராக்கில் இந்த வகை வண்டியில் என் லேப் நேரத்தை யாரும் நெருங்கியதில்லை, அவருடைய தம்பி உட்பட. கொழுந்தன் அதே காரில், அதே டயரில் முட்டி மோதிப் பார்த்துவிட்டு, "சீட் சரியில்ல அண்ணி" என்றான். பட்டறை அவர் பெயரில், வீடு அவர் பெயரில். அந்தச் சரியில்லாத சீட் ஒன்றுதான் என்னுடையது.

பட்டறையில் எஞ்சின் வேலை அவருக்கு, வீல் அலைன்மென்ட் எனக்கு. அதனால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"ஏங்க, இதுக்கு எதுக்கு இவ்ளோ பவர்? முன்னாடி கனம் ஏறும். அதுக்கு ஸ்பிரிங் மாத்தணும், பெரிய பிரேக் போடணும், பெரிய ரேடியேட்டர், அகல டயர். கடைசில அது வேற வண்டி ஆயிடும்."

"நேர்ரோட்டுல ஒவ்வொருத்தனும் உன்னைத் தாண்டுறப்ப எனக்குல்ல மானம் போகுது!"

அவர் மானம் நேர்ரோட்டில் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. வளைவில் நான் அவர்களைத் திரும்பப் பிடித்ததெல்லாம் அவர் கண்ணில் படவே இல்லை.

ஓட்டிப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, நேர்ரோட்டில் பறந்தது, எனக்கே சிரிப்பு வந்தது. வளைவில் மூக்கு திரும்ப மறுத்தது. வளைவைவிட்டு வெளியே வரும்போது ஆக்ஸிலேட்டரில் கால் வைத்தால் பின்சக்கரம் இரண்டும் சும்மா சுற்றின. பழைய நேரத்தைவிட மோசம்.

"பின்னாடி அலைன்மென்ட் மாத்திடறேன். கொஞ்ச நாள் பழகினா வந்துடும்."

"பழகிக்கோ. அதுவரைக்கும் தம்பி ஒரு ரவுண்டு ஓட்டட்டும். உனக்கு இது கொஞ்சம் ஓவர்."

ஒரு ரவுண்டு என்றார். மறுவாரமும் அவன்தான் ஓட்டினான். அடுத்த போட்டிக்கும் அவனைத்தான் சேர்த்திருந்தார். என்னிடம் யாரும் சொல்லவில்லை. சீட்டைப் பின்னுக்குத் தள்ளி அவன் கால் நீளத்துக்கு போல்ட் போட்டிருந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? ஆனால் வண்டி என்ன பாவம் செய்தது? லிஃப்டில் ஏற்றி, பின்சக்கரங்களின் கோணத்தை நானே சரிசெய்தேன். அப்போது கொழுந்தன் குனிந்து எட்டிப் பார்த்தான்.

"அண்ணி, கடைசி வளைவுல எங்க பிரேக் பிடிப்பீங்க?"

நான் பிடிக்கும் இடத்தைச் சொன்னாலே போதும், அவன் கதை முடிந்திருக்கும்.

"என் இடத்துல நீ பிடிச்சா நேரா சுவத்துலதான் போய் நிப்ப. இந்த எஞ்சின்ல வண்டி வளைவுக்கு வேகமா வந்து சேருது. நல்லா முன்னாடியே பிடி. வண்டி நேரானப்புறம்தான் கால் வை, அதுவும் மெதுவா."

போட்டிக்கு முந்தைய பயிற்சியில் டிராக் ஓரம் நின்றேன். அவன் வளைவுகளில் தவழ்ந்தான், நேர்ரோட்டில் சீறினான். வீட்டுக்காரர் ஸ்டாப்வாட்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார்.

"பாத்தியா! உன் டைமை அப்படியே தொட்டுட்டான்!"

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான், அச்சு அசல் என் நேரம்.

"பாதி பவர்ல நான் போட்ட டைம்ங்க அது." குரல் உடைந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை. "என் டைமைத் தொடவா இத்தனை பாடு?"

அவர், ஆறுதல் சொல்வதாகவே நினைத்து, என் தோளில் கை வைத்தார்.

"அட, அதுதானே நல்ல விஷயம்! இனிமே அந்த டைமுக்கு உன்னையே நம்பிட்டு இருக்க வேணாம். யார் உக்காந்தாலும் வரும்."

சொல்லிவிட்டு, என் கையிலிருந்த ஸ்டாப்வாட்சை வாங்கிக்கொண்டு தம்பியைப் பார்க்கப் போனார்.