மாரிசெல்விக்குப் பிடித்தது

"அப்படின்னா, உங்களைக் கட்டிக்கிட்டா எனக்குக் கேன்சரே வராதா?"

"என் ஆராய்ச்சிப்படி சாப்பிட்டா, வர்றதுக்குச் சான்ஸ் கொறைச்சல்."

"கேரன்ட்டி உண்டா?"

"எலிக்கு உண்டு. மனுஷாளுக்கு இன்னும் பேப்பர் போடலை."

"அரே, அப்போ என்னையும் ஒரு எலியா நெனச்சு வச்சுக்கோங்க!"

மாதுங்கா ஃபைவ் கார்டன்ஸ் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து மாரிசெல்வி அன்று சிரித்த சிரிப்பு, செம்பூர் வீட்டு அடுக்களையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த மாதவுக்கு இப்போதும் கேட்டது. அப்போது அவள் அவனுடைய ஆய்வுக்கூடத்தில் பர்சேஸ் கிளார்க். தாராவியில் பிறந்தவள், திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அவன் மாதுங்காவில் வளர்ந்த பாலக்காட்டு ஐயர் வீட்டுப் பிள்ளை. இரண்டு வீட்டிலும் அழுது ஓய்ந்த பிறகு ஒருவழியாக நடந்த கல்யாணம்.

முருங்கைக்கீரையிலும் முள்ளங்கியிலும் முட்டைக்கோஸிலும் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் புற்றுநோயை வரவிடாமல் தடுக்குமா என்பதுதான் மாதவின் ஆராய்ச்சி. கண்ணாடித் தட்டில் அவை புற்றுச் செல்களைக் கொன்றன. எலிகளுக்குக் கட்டி தாமதமாக வந்தது. மனித உடம்பிலோ, குடலும் கல்லீரலும் சிதைத்தது போக ரத்தத்தில் மிஞ்சுவது துளிதான். அந்தத் துளியை நம்பி, கல்யாணமான முதல் வாரத்திலிருந்தே வீட்டுச் சமையலை அவன் கையில் எடுத்துக்கொண்டான்.

"அப்பளம்கூடப் பொரிக்கப்படாதுன்னா, இது ஆத்துச் சமையலா, ஆஸ்பத்திரிச் சமையலாடா?" என்று அவன் அம்மா அபயாம்பாள் கத்துவாள். மாரிசெல்வியோ தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவாள்.

அவளுக்குத்தான் வந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகவில்லை. மார்பில் ஒரு முடிச்சாக ஆரம்பித்து, கண்டுபிடிப்பதற்குள் கல்லீரலுக்குப் போய்விட்டது. போன வாரம் டாக்டர் ஃபைலை மூடி வைத்தார். இனி மருந்து வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், அவருக்குப் பிடித்ததைக் கொடுங்கள் என்றார்.

வரவிடாமல் தடுப்பது வேறு, வந்ததைத் தீர்ப்பது வேறு. புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாணவனுக்கும் முதல் நாளே மாதவ் சொல்லும் பாடம் இது. தெரிந்தும் மிக்ஸியில் கீரையைத் திணித்தான். கை ஓய்ந்தால் அவள் சாவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஒன்றுதான் மிச்சம். அதற்கு அவனுக்குத் தெம்பு இல்லை.

தாராவியில் தோல்பைப் பட்டறை வைத்திருக்கும் அவள் அண்ணன் வேல்ராஜ், வேலைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தான்.

"என்ன மாப்ள, இன்னும் இந்தப் பச்சைத் தண்ணியா? டாக்டரு என்னதான் சொன்னாரு?"

"பிடிச்சதைக் கொடுக்கச் சொன்னார்."

"பொறவென்ன, குடுக்க வேண்டியதுதான?"

மாதவ் மிக்ஸியை நிறுத்தினான். "அவளுக்கு என்ன பிடிக்கும், வேல்ராஜ்?"

வேல்ராஜ் சிரிக்கப் பார்த்தான். மாதவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. "பாகலா, பைத்தியமா நீங்க? பொண்டாட்டிக்குப் பிடிச்சத மச்சினன்கிட்டயா கேப்பாக? உள்ளதான படுத்திருக்கா. போய்க் கேளுங்க."

கட்டிலில் சாய்ந்திருந்த மாரிசெல்வி மாதவ் நீட்டிய கீரைச்சாற்று டம்ளரை வழக்கம்போல வாங்கினாள். வாயெல்லாம் புண். ஒரு மிடறு விழுங்கக் கண்ணை இறுக மூடினாள். பிறகு என்னவோ சொல்ல வாயெடுத்து, "ஒண்ணுமில்ல" என்றாள். இத்தனை வருஷமும் அந்த 'ஒண்ணுமில்ல'வை அவன் அப்படியே நம்பியிருக்கிறான். ஒருதரம்கூட என்னவென்று கேட்டதில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தான்.

"செல்வி, ஒனக்கு என்ன பிடிக்கும்?"

"நீங்க தாரதே போதும்."

"அதெல்லாம் நான் படிச்சதுக்காகத் தந்தது. எதையும் அது தடுக்கலை. ஒனக்குன்னு என்ன பிடிக்கும்? எனக்குத் தெரியலையேடி."

அவள் பார்வை வாசலுக்குப் போயிற்று. அங்கே அபயாம்பாள் துவைத்த துண்டோடு நின்றிருந்தாள், பின்னால் வேல்ராஜ்.

"சொன்னா அத்தை சங்கடப்படுவாங்க."

"இனிமே எனக்கென்னடி சங்கடம்? சொல்லு, கொழந்தே," என்றாள் அபயாம்பாள்.

வேல்ராஜுக்குப் புரிந்துவிட்டது. "நம்ம வீட்டுக்கு வா தாயி. ஒங்க மதினி செஞ்சு தருவா. டாக்சி கூட்டியாரட்டா?"

மாரிசெல்வி தலையை ஆட்டினாள். "அங்க வந்து ஒளிஞ்சு திங்கதுக்குன்னா எப்பமோ வந்திருப்பேன், அண்ணே."

மூச்சு வாங்கியது. அபயாம்பாள் அருகே வந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். மாரிசெல்வி மாதவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எலும்பு மட்டுமே இருந்த விரல்களில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

"கல்யாணமாகி வந்த அன்னைக்கே கேக்கணும்னு நெனச்சேன். வாய் வரல. எனக்கு நெத்திலிக் கருவாடு வேணும். ஒரு வாய்கூட எறங்காது, தெரியும். ஆனாலும் நம்ம அடுப்புல, நீங்க வறுக்கணும். அந்த வாசம் இந்த வீடு பூரா அடிக்கணும்."