தளர்ந்த பெல்ட்டும் அந்தி இசை வட்டமும்

1999ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலை முதல் வானம் மூடியிருந்தது. வாடைக்காற்று வலுத்து வீசியது. நண்பகலில் சிறிது நேரம் தூறி ஓய்ந்தது. கடல் கொந்தளிப்பாக இருந்தமையால் எங்கள் குப்பத்துப் படகுகள் அனைத்தும் மணலிலேயே கிடந்தன.

அன்று மாலை நான்கு மணிக்கு அணுபுரத்தில் எனக்கு ஒரு நாற்காலி கிடைக்கவிருந்தது. அதனைப் பெற நான் ஒரு பொய்யை உரக்க வாசிக்க வேண்டியிருந்தது.

என் பெயர் சிவப்பிரகாசம். மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் கேசட் பதிவுக்கடை நடத்துபவன். டேப்ரிக்கார்டர், ரேடியோ ஆகியவற்றைப் பழுதுபார்ப்பவன். முப்பத்திரண்டாம் வயதில் அறிவொளி வகுப்பில் அகரம் கற்றேன். முப்பத்தெட்டாம் வயதில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பில் தேறினேன். மதுராந்தகத்தில் நான் தேர்வறைக்குள் நுழைந்தபோது, என் மகன் வயதுப் பிள்ளைகள் என்னைக் கண்காணிப்பாளர் எனக் கருதி எழுந்து நின்றனர். அவர்களை அமரச் சொல்லிவிட்டு, அவர்களுக்கு நடுவே நானும் அமர்ந்தேன். தமிழில் எழுபத்தொன்பது மதிப்பெண்.

இது நிற்க.

அந்தி இசை வட்டம் என்பது யாதெனில், மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று ஒன்பது பேர் கூடி, பிற நாட்டுத் துயர இசையைக் கேட்டுப் பெருமூச்சு விடும் அமைப்பாகும். தலைவர் ராஜகோபாலன், அணுசக்தித் துறை ஊழியர்களின் அணுபுரம் குடியிருப்பில் வாழும் அதிகாரி. அவர் வீட்டுக் கூடமே அவைக்களம். செயலாளர் ஹரிசங்கர், செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பிப்பவர். ஏனைய எழுவரும் இவ்விருவரின் தலை அசையும் திசையில் தம் தலையை அசைப்பவர்களாதலால், அவர்களுக்குப் பெயர் தர வேண்டிய தேவை எழவில்லை.

ஜாஸ் ஒலித்தால் இவர்கள் கண்ணை மூடுவர். நாட்டார் பாடல் என்றால் தலையையும் சாய்ப்பர். சிறு குழுக்கள் தம் கைப்பொருளைக் கொண்டு வெளியிடும் இண்டி ஆல்பம் என்றால் காபியைக்கூட ஆறவிடுவர். பாட்டு முடிந்ததும் இரண்டு நிமிட மௌனம். அதற்குள் மூவர் உறங்கிவிடுவர். விழித்தபின் ஒருவர் "ஈரம்" என்பார். "இல்லை, மூடுபனி" என்பார் மற்றொருவர். சித்திரை மாதத்தில், மின்விசிறிக்கு அடியில், பனியன் நனைய அமர்ந்து கொண்டு சொல்லப்படும் மூடுபனி அது. ஒரு சாக்ஸபோன் இசையைப் பற்றி ஹரிசங்கர் பதினான்கு பக்கம் எழுதினார். "ஒவ்வொரு சுரமும் அடுத்த சுரத்தைத் தொடத் தயங்குகிறது" என்பது அதன் சாரம். அத்தயக்கத்தின் காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

நான்கு ஆண்டுகளாக இவர்கள் கேட்ட நாடாக்கள் அனைத்தும் நான் கொடுத்தவை. நாடா ஓட்டும் டெக்கும் ஒலிபெருக்கிப் பெட்டிகளும் என்னுடையவை. அவற்றைப் பேருந்தில் சுமந்து வருபவனும் நானே. எனினும் நான் உறுப்பினன் அல்லேன். சுவிட்சுப் பலகைக்கு அருகே எனக்கென ஒரு பிளாஸ்டிக் முக்காலி இருந்தது. ஒரு பாடலைப் பற்றிக் கட்டுரை வாசித்து ஒப்புதல் பெற்றவருக்கே நாற்காலி என்பது விதி. மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் "அடுத்த மாசம் பாக்கலாம்" என்றனர். நான்காம் முறை, என் கட்டுரையை முன்னரே வாங்கிச் சிவப்புப் பென்சிலால் திருத்தி, ராஜகோபாலன் இசைவு தந்தார். பத்தாவது நாற்காலி வாங்கப்பட்டது.

கட்டுரையின் தலைப்பு, 'முதியவரின் கண்ணீர்'. பெயர் பெறாத சிறு குழுவொன்றின் ஆல்பத்தில் வரும் மூன்றாம் பாடலைப் பற்றியது. ஆழ்ந்த, தேய்ந்த, கரகரத்த ஆண்குரல். கட்டுமரம் ஓட்டி ஓய்ந்த என் தந்தையார் பேசுவது போன்றே இருக்கும். முதன்முதலில் கேட்ட நாளில், மொழி விளங்காமலேயே என் கண்கள் கலங்கின. எழுத்தைப் போலவே இசையையும் காலம் கடந்தேனும் கற்றுவிட்டேன் என்று அன்று பெருமை கொண்டேன்.

இனி, பிழையைச் சொல்கிறேன். விடுதிகளில் தங்கும் வெளிநாட்டார் சிலர், பழுதுபார்த்த கூலியுடன் தம் கேசட்டுகளையும் என்னிடம் விட்டுச் செல்வர். திரைப்பாடல்களை நான் சாதாரண இரட்டை டெக்கில் பதிவு செய்வேன். வெளிநாட்டு நாடாக்களுக்கோ தனி மரியாதை. அவற்றை ஓட்டுவதற்கென்றே பர்மா பஜாரில் வாங்கிய ஜப்பான் டெக் ஒன்றை வெல்வெட் துணி போர்த்தி வைத்திருந்தேன். அதில் மூலத்தை ஓட்டி, மற்றொரு புதிய டெக்கில் பதிவேன். மரியாதைக்குரிய பொருளைத் திறந்து பார்ப்பது தகாது என்று எண்ணி, நான்கு ஆண்டுகள் அதன் மூடியைக் கழற்றவில்லை.

டிசம்பர் 9, வியாழக்கிழமை காலை, அயர்லாந்துப் பெண் ஒருத்தியின் ரேடியோவைச் சரிசெய்து கொடுத்தேன். அவள் மகிழ்ந்து ஒரு சிடியைத் தந்தாள். அதே ஆல்பம், அதே அட்டைப்படம். விடுதிக்காரரின் சிடி பிளேயரை இரவல் வாங்கி மூன்றாம் பாடலை ஓடவிட்டேன்.

முதியவர் இல்லை. இருபது வயதுப் பெண் ஒருத்தி, பேருந்தைப் பிடிக்க ஓடுபவளைப் போலத் துள்ளிப் பாடினாள். என் நாடாவில் ஐந்து நிமிடம் பத்து நொடி ஓடிய பாடல், நான்கு நிமிடம் இருபது நொடியில் முடிந்தது. மூல கேசட்டை எடுத்துப் புதிய டெக்கில் போட்டேன். அங்கும் அதே பெண்.

ஜப்பான் டெக்கைத் திறந்தேன். உப்புக்காற்றில் ஊறி, அதன் சக்கரத்தைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் பழைய பாவாடை நாடாவைப் போலத் தொய்ந்து கிடந்தது. அதில் ஓட்டிப் பதிந்த எழுபத்திரண்டு ஆல்பங்களும் மெதுவாகவே ஓடியுள்ளன; வேகம் குறைந்தால் பெண்குரலும் ஆண்குரலாகத் தடிக்கும். சாக்ஸபோனின் தயக்கம் இதுவே. ஒன்பது படித்தவர்கள் நான்கு ஆண்டுகளாக ஒரு ரப்பர் வளையத்தின் தொய்வை ரசித்துள்ளனர். பத்தாவதாக நானும் கண்ணீர் சிந்தியுள்ளேன். இதனை மறைப்பது கற்றவனுக்கு அழகன்று.

என் மனைவி குப்பம்மாவிடம் சொன்னேன். அவள் மீன் அரிந்து கொண்டிருந்தாள்; நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"அப்ப அந்தக் கெழவன் பொண்ணா? நல்லாத்தான் கீது கூத்து."

"ஞாயித்துக்கெழம இன்னா பண்றது சொல்லு."

"இன்னாத்த பண்றது? எழுதினத படி, சேருல குந்து, காப்பி குட்த்தா குடி, வந்துகினே இரு. பெல்ட்டு லூசுன்னு போயி சொன்னியானா உன்னத்தான் லூசுன்னுவாங்க."

"தப்புன்னு தெரிஞ்சே எப்பிடிம்மே படிப்பேன்?"

"பத்தாவது பாஸ் பண்ணதுலேர்ந்து உன்னோட பெரிய பேஜாரா பூட்ச்சிய்யா."

வெள்ளிக்கிழமை முழுவதும் அப்பாடலைச் சிடியில் பதினொரு முறை கேட்டேன். நான் எழுதியதில் ஏதேனும் எஞ்சுகிறதா என்று தேடினேன். முதியவர் போனார், கண்ணீர் போயிற்று, என் தந்தையாரும் போனார். ஒன்று மட்டும் எஞ்சியது. மூன்றாம் அடியின் முடிவில் பாடுபவர் ஒரு சிறு மூச்சு வாங்குவார். துடுப்பைக் கீழே வைப்பவன் வாங்கும் மூச்சு அது என்று எழுதியிருந்தேன். சிடியிலும் அது இருந்தது. முன்னிலும் குறுகியது, எனினும் அவ்விடத்திலேயே இருந்தது.

ஞாயிறு மாலை டெக், பெட்டிகள், சிடி பிளேயர் ஆகியவற்றுடன் சென்றேன். ராஜகோபாலனின் மனைவி சுந்தரவல்லி அம்மையார் கதவைத் திறந்தார்.

"வாங்கோ. உங்க நாற்காலி அதோ இருக்கு. பாத்து உக்காருங்கோ, வார்னிஷ் இன்னும் காயல."

புதிய பிரம்பு நாற்காலி, சுவரோரம் தனியே நின்றது. உட்காராமல் நின்றேன்.

"இன்னிக்கு நீங்கதான் ஹீரோ, சிவப்பிரகாசம்," என்றார் ராஜகோபாலன். "மொதல்ல பாட்டு, அப்பறம் மௌனம், அப்பறம் உங்க கட்டுரை. நிதானமா படியுங்கோ. ழகரம் வரலேன்னா ஹரி படிச்சுக் குடுப்பார்."

"வரும் சார். படிக்கறதுக்கு முன்னால ஒரு விசயம் கீது. அது கெழவன் இல்ல சார். பொண்ணு."

"எந்தப் பொண்ணு?"

சிடியை ஓடவிட்டேன். அப்பெண் அக்கூடத்தில் துள்ளிக் குதித்தாள். கண்களை மூடியிருந்த ஒருவர் திறந்து, சினிமாப் பாட்டா என்று வினவினார். பாடல் முடிந்தது. வட்டத்தின் வரலாற்றில் முதன்முறையாக மௌனம் தானாகவே நிலவியது, ஒருவரும் உறங்கவில்லை.

ஹரிசங்கர் முதலில் வாய் திறந்தார். "சார், இது வேற யாரோ பண்ண காப்பி. ஆன்மாவே இல்ல."

"அட்டையப் பாருங்க சார். அதே பேரு, அதே வருசம், அதே எட்டுப் பாட்டு. கேசட்டும் புது டெக்குல போட்டா இப்பிடித்தான் பாடுது." தொய்ந்த பெல்ட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து விரலில் தொங்கவிட்டேன். "என் தப்பு சார், தொறந்து பாக்காம வுட்டுட்டேன். இதான் சார் நீங்க சொன்ன ஈரம். மூடுபனியும் இதான்."

ராஜகோபாலன் அதனை இரு விரல்களால் வாங்கி, பல்லி வாலைத் தொட்டவர் போல உடனே திருப்பித் தந்தார்.

"நீங்க மெஷினைப் பத்திப் பேசறேள். நாங்க மியூசிக்கைப் பத்திப் பேசறோம். ரெண்டும் வேற. எது உண்மையான பாட்டுங்கறதை வட்டம் முடிவு பண்ணட்டும். நம்ம டேப்தான் உண்மைன்னு நெனைக்கறவா கை தூக்குங்கோ."

ஒன்பது கைகள் உயர்ந்தன. பாடியவள் ஒருத்தி, பதிந்தவர் ஒருவர், வெளியிட்டவர் ஒருவர் என உலகில் எத்தனை பேர் இருப்பினும், அவர்கள் பாடலை அவர்களே தவறாகப் பாடிவிட்டனர் என்று அணுபுரத்தில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. மாணவன் ஒருவன் இவ்வாறு விடை எழுதியிருந்தால் ஹரிசங்கர் சுழியம் போட்டிருப்பார்.

பின்னர் ராஜகோபாலன் என் தோளருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "இதோ பாருங்கோ. பெல்ட்டு கில்ட்டுன்னு வெளியில பேச வேண்டாம். எழுதினதை எழுதினபடியே வாசிச்சுடுங்கோ. நாற்காலி உங்களோடது."

நாற்காலியைப் பார்த்தேன். நான்கு ஆண்டுகள் முக்காலியில் அமர்ந்தவனுக்கு அதன் சாய்மானம் அழகாகவே தோன்றியது. இதை நான் மறுக்கவில்லை.

"படிக்கறேன் சார். ஒரே ஒரு கேள்வி. நாலு வருசமா கேட்டீங்களே, மூணாவது அடி முடியறப்ப அந்தப் பாட்டுல இன்னா கேக்குது?"

ஒருவர் மற்றொருவரைப் பார்த்தார்.

"துயரம்," என்றார் ஹரிசங்கர்.

"வயலின்," என்றார் பெயரற்றவருள் ஒருவர்.

"இந்த மாதிரி கேள்வியெல்லாம் நம்ம வட்டத்துல வழக்கம் இல்லே," என்றார் ராஜகோபாலன். அவர் சிவப்புப் பென்சிலால் திருத்திய கட்டுரையிலேயே விடை இருந்தது. அவர் என் எழுத்துப்பிழைகளைத் தவிர வேறெதையும் படிக்கவில்லை என்பது அப்போது எனக்கு விளங்கியது.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். 'முதியவர்' என்றிருந்த இடத்திலெல்லாம் அடித்து 'இளம்பெண்' என்று எழுதினேன், ஏழு இடங்கள். கண்ணீர் வந்த பத்திகளை முழுவதும் அடித்தேன். இரண்டு வாக்கியங்கள் மிஞ்சின. நின்றவாறே வாசித்தேன்.

"இப்பாடலைப் பாடுபவள் ஓர் இளம்பெண் ஆவாள். மூன்றாம் அடியின் முடிவில், துடுப்பைக் கீழே வைப்பவனைப் போல, அவள் ஒரு சிறு மூச்சு வாங்குகிறாள்."

ழகரம் சரியாகவே வந்தது. 'மூழ்கு' என்றொரு சொல் இருந்திருந்தால் அதையும் சொல்லியிருப்பேன்.

"போதும்," என்றார் ராஜகோபாலன். "ஒப்புதல் இல்லே. முக்காலிய எடுத்துப் போட்டுண்டு பழைய டேப்பைப் போடுங்கோ."

டெக்கின் கம்பியைச் சுவரிலிருந்து உருவினேன். பெட்டிகளின் கம்பிகளைச் சுருட்டினேன். எல்லாவற்றையும் சாக்குப்பையில் இட்டுக் கட்டினேன். தொய்ந்த பெல்ட்டை மட்டும் காயாத வார்னிஷின் மேல் வைத்தேன். அது ஒட்டிக் கொண்டது.

"அப்ப நாங்க எதுல கேக்கறது?" என்றார் ஹரிசங்கர். அக்கூடத்தில் அந்நான்காண்டுகளில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அதுவேயாம்.

"கண்ண மூடுங்க சார். கேக்கும்."

வாசற்படி இறங்கினேன். பின்னால் கதவு சாத்தப்பட்டது. தெருமுனைக் கடைக் கடிகாரத்தில் மணி மாலை ஐந்து ஐம்பத்திரண்டு.