கைகளுக்கு ஓய்வு

"அவுகளுக்கு அதெல்லாம் ஒத்துவராது சார். வேற யாருக்காவது குடுத்துருங்க."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. லைன் லீடர்னா சும்மாவா? மீட்டிங்ல நாங்க பேசறத நீங்க வீடியோ கால்ல அவருக்குக் கைல சொல்லிடுங்க. அவரு சொல்றத எங்களுக்குச் சொல்லிடுங்க. அவ்ளோதானே?"

"யோசிச்சிட்டேன் சார். வேண்டாம்."

கணவன் வேலை பார்க்கும் ஆலையின் மனிதவள அதிகாரி சக்திகுமாரிடம் அன்றைக்கு ஃபோனில் அப்படிச் சொன்னது, மண்ணூர் மருந்துக்கடை மாடிப்படியில் ஏறும்போது செல்லக்கனிக்கு மறுபடியும் காதில் கேட்டது. அன்று அவர் கூப்பிட்டபோது அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து வங்கிக்காரர், கேஸ்காரர், வள்ளியூரிலிருந்து மாமியார் என்று வரிசையாக ஃபோன். எல்லாமே இசக்கியப்பனுக்கு வந்தவை. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னது அவள். கல்யாணம் ஆனதிலிருந்து அப்படித்தான். பிறவியிலேயே காது கேட்காத கணவனுக்காக அவள் ஆயிரம் பதில் சொல்லியிருக்கிறாள். அந்தப் பழக்கத்தில் இதையும் சொல்லி வைத்துவிட்டு, பாலை இறக்கப் போய்விட்டாள். அவரிடம் சொல்லவும் இல்லை.

அவருக்குத் தெரிந்தது கேன்டீனில். வேறொருவன் லீடர் ஆகி லட்டு கொடுத்தானாம். எனக்கு ஏன் இல்லை என்று கேட்கப் போனவருக்குச் சக்திகுமார் செல்போனில் தட்டிக் காட்டினார்: உங்க வீட்லதான் வேண்டாம்னு சொன்னாங்க.

வீட்டுக்கு வந்து நின்றார். அவள் விளக்கம் சொல்லக் கையைத் தூக்கினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

காது கேட்கிறவர்கள் கோபம் வந்தால் கதவைச் சாத்துவார்கள். இவர் இமையைச் சாத்துவார். அதற்கப்புறம் அவள் எவ்வளவு அழகாகக் கை அசைத்தாலும் அது சுவருக்குத்தான். வாரக்கணக்கில் அந்த ஒற்றை அறை வீட்டில் அவள் சுவரோடு வாழ்ந்தாள். பிறகு ஒருநாள் அவரே கையை எடுத்தார், ஒரே ஒரு விஷயம் சொல்ல. வல்லம் வடகாலில் நண்பர்கள் தங்கியிருக்கும் ஹாஸ்டலில் ஒரு கட்டில் காலியாகப் போகிறது, ஆனதும் போய்விடுவேன்.

மெர்சியைப் பற்றிச் சொன்னது வீட்டுக்கார அம்மா ராஜம்மா. "எங்க சர்ச்ல வர்ற பொண்ணுதான். புருசன் பொண்டாட்டிய உக்கார வெச்சிப் பேச வெக்கும்" என்றவள், சொன்ன வாயோடு, "ஆமா, உன் வூட்டுக்காரருதான் பேசவே மாட்டாரே, அவர இட்டுகினு போய் இன்னா பண்ணுவ?" என்று சிரித்தும் வைத்தாள். எப்படியோ இசக்கியப்பன் வரச் சம்மதித்தார். கட்டில் காலியாகும்வரை.

மருந்துக்கடை மாடியில் மெர்சியின் அறைக்குப் போன முதல் முறை வழக்கம்போல அவளே நடுவில் இருந்தாள். மெர்சி கேட்டதைக் கையால் அவருக்கு. அவர் கை சொன்னதை வாயால் மெர்சிக்கு. ஒரு கட்டத்தில் மெர்சி புருவத்தைத் தூக்கினாள்.

"இன்னாம்மா இது, அவரு இவ்ளோ நேரம் சொன்னாரு, நீங்க ஒரே வரியில முடிச்சிட்டீங்க?"

"மிச்சமெல்லாம் என்னைய ஏசி வஞ்சது மேடம். அத எப்படி எவ்வாயால சொல்லுதது?"

மெர்சி சிரித்தாலும், அதன்பின் வெகுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் முறை பேச்சே கிடையாது. பாயில் ஒரு டப்பா நிறையச் சட்டைப் பித்தான்கள். "பேசித் தீக்கறவங்களும் இருக்காங்க, கையால வெச்சுப் பாத்தாத்தான் புரியுதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. இன்னிக்கு இப்படிப் பாக்கலாம். ஒவ்வொரு பித்தானும் ஒரு ஆளு. உங்க ஆளுங்கள எடுத்து வையுங்க" என்றாள் மெர்சி. செல்லக்கனி அவரை வைத்து, அவருக்கும் மற்ற எல்லாருக்கும் நடுவில் தன்னை வைத்தாள். இசக்கியப்பன் தன்னைச் சுற்றி நண்பர்களை நெருக்கமாக அடுக்கினார். தள்ளி அம்மா. கடைசியில் ஒரு வெள்ளைப் பித்தானைக் கையில் வைத்து யோசித்தார். சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்துப் பாயில் வைத்து, அதன் மேல் அந்தப் பித்தானை வைத்தார்.

அதுதான் அவள். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தூசி என்று நினைத்திருப்பார்கள்.

இன்று அறையில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"இவங்க கார்முகில். சைகை மொழிபெயர்ப்பாளர். இவங்க அப்பா அம்மா ரெண்டு பேருக்குமே காது கேக்காது, அதனால பேச்சுக்கு முந்தி இவங்களுக்குக் கைதான் வந்துச்சு" என்றாள் மெர்சி. இசக்கியப்பனைப் பார்த்தே பேசினாள். கார்முகிலின் கைகள் கூடவே ஓடின. "முதல் நாளே இவங்கள வர வெச்சிருக்கணும். உங்க சம்சாரத்தையே நடுவுல உக்கார வெச்சது என் தப்பு. மன்னிச்சுக்குங்க."

பிறகு எழுந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். எதிர்வெயிலில் கார்முகிலின் கை அவருக்கு நிழலாகத் தெரியக் கூடாதாம். இத்தனை வருஷத்தில் தனக்கு அது தோன்றியதே இல்லையே என்று செல்லக்கனி நினைத்துக்கொண்டாள்.

"அக்கா, இன்னிக்கு உங்க கைக்கு லீவு" என்றாள் கார்முகில். "நீங்க வாயால பேசினாப் போதும். ஆனா ஒண்ணு, தும்மினாக்கூட அவருக்குச் சொல்லிடுவேன்."

லீவு என்றால் எங்கே வைத்துக்கொள்வது? மடியில் வைத்தால் தானாக எழும்பின. கடைசியில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

இசக்கியப்பன் கை அசைத்தார். கார்முகிலின் வாய் பேசியது.

"எனக்குக் கோவம் போஸ்ட் போனதுக்கு இல்ல. எங்கிட்ட கேக்காம எனக்குப் பதில் சொன்னதுக்கு. நான் என்ன சின்னப் புள்ளையா?"

செல்லக்கனி திடுக்கிட்டாள். அவருக்காகப் பேசும்போதெல்லாம் அவள் 'அவுக சொல்லுதாவ' என்றுதான் ஆரம்பிப்பாள். அவர் 'நான்' என்று சொல்லி, அது காதில் விழுவது இதுதான் முதல் தடவை.

"ஏன் வேண்டாம்னு சொன்ன?"

பதில் தயாராக இருந்தது. உங்களுக்குக் கஷ்டம், கேலி பண்ணுவாங்க. ஆனால் தும்மல்கூட அவரிடம் போய்ச் சேரும் இடத்தில் அந்தப் பொய் வாய்க்கு வரவில்லை.

"சடவா, அலுப்பா இருந்துச்சி" என்றாள். "வீட்டுல நாந்தான் பேசுதேன், பேங்குல நாந்தான் பேசுதேன். இனி கம்பெனியிலயும் நாந்தானான்னு இருந்துச்சி. உங்க பேச்சப் பேசிப் பேசி, எனக்குன்னு ஒரு பேச்சு இருந்துச்சே, அது எங்க போச்சின்னே தெரியல. கேக்காமச் சொன்னது தப்புதான்."

கார்முகிலின் கைகள் ஓய்ந்தன. அவர் கண்ணை மூடவில்லை.

"சரி" என்றாள் மெர்சி மெதுவாக. "உங்களுக்கு இன்னா வேணும்?"

"அவுகளுக்கு அந்த லீடர் போஸ்ட்டு..."

"அவருக்கு இல்ல. உங்களுக்கு."

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷேர் ஆட்டோவில் வடக்குப்பட்டு ஏரிக்கரையைத் தாண்டும்போது பார்த்தது கண்முன் வந்தது. நாலைந்து ஆலைகளிலிருந்து வந்த காது கேட்காத இளைஞர்கள் வட்டமாக நின்றிருந்தார்கள். சத்தமே இல்லாத சந்தைபோல அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் பறந்துகொண்டிருந்தன. ஒருத்தரின் மனைவியும் இடுப்பில் குழந்தையோடு நின்று ஒற்றைக் கையால் யாரையோ கிண்டல் செய்துகொண்டிருந்தாள். நடுவில் இசக்கியப்பன், தலையைப் பின்னால் சாய்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை வீட்டில் அவள் பார்த்ததே இல்லை. ஆட்டோவை நிறுத்தச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே போய்விட்டாள். அவளுடைய சைகை வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து ஒப்பேற்றியது. அந்தக் கூட்டத்தில் அது எடுபடுமா? அவர் வெட்கப்படுவாரோ? அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிறு, அவர் செருப்பை மாட்டும்போதெல்லாம் கேட்கத் தோன்றும். கேட்டு, அவர் இமையை மூடிவிட்டால்? அந்தப் பயத்தில் கை எழும்பாது.

இப்போது கை தொடைக்கு அடியில் மரத்துப்போயிருந்தது. கண்ணீர் வந்தாலும் துடைக்க வழியில்லை. அவள் மெர்சியைப் பார்க்கவில்லை; கார்முகிலையும் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்து, ஊரில் பேசுகிற மாதிரியே சத்தமாகச் சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம ஏரிக்கரைக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க. யாருக்கும் எதுவும் சொல்லுததுக்கு இல்ல. சும்மா, உங்க கூட நிக்கதுக்கு."

இசக்கியப்பனின் இமை மூடவில்லை; கண்கள் அவள் உதட்டிலிருந்து மெல்ல விலகி, அப்போதுதான் உயரத் தொடங்கியிருந்த கார்முகிலின் கைகளுக்குப் போயின.