பச்சையைத் தொடாதே

சி.டி. வட்டு உள்ளே போய், கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் முனகிவிட்டு, இந்த வகைக் கோப்பைத் திறக்க இங்கே எந்த மென்பொருளும் இல்லை என்று ஒரு சாம்பல் நிறப் பெட்டியில் கையை விரித்தது. அவள் விடவில்லை. வெளியே எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்து, மறுபடி போட்டாள். மறுபடி அதே பெட்டி. ஸ்கேன் மையத்துப் பெண் அப்போதே சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்: "இதைத் திறக்கத் தனியா ஒரு வியூவர் வேணும்கா. நெட்ல ஃப்ரீயாவே கிடைக்கும்." கிடைக்கும் என்று சொல்வது எவ்வளவு சுலபம்! இந்த வீட்டில் அந்தக் கம்ப்யூட்டருக்குள் புதிதாக ஒன்றை நுழைப்பது, குடும்பம் இரண்டுபடாமல் கல்யாணம் முடிப்பதைவிடக் கஷ்டம் என்று அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்?

வட்டுக்குள் இருந்தது அவளுடைய கணவரின் தலை. லிஃப்ட் மெக்கானிக். தெருவில் எல்லோருக்கும் லிஃப்ட்டுக்காரர். தலைவலி என்று ஒரு வார்த்தை சொன்னவரில்லை. ஆனால் சாப்பிடும்போது பாதியில் நிறுத்திக் கண்ணை இறுக மூடுவதும், யாராவது பார்த்தால் மிளகாய் மேல் பழி போடுவதுமாக இருந்தார். இழுத்துக்கொண்டுபோய் ஸ்கேன் எடுத்ததே பெரிய பாடு. டாக்டர் வெளியூர் போயிருக்கிறார், திங்கட்கிழமை வந்து படத்தைப் பார்த்துச் சொல்வார் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் வட்டைத் தூக்கி அலமாரி மேல் போட்டுவிட்டு, "திங்கக்கிழமை நான் வரல. தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? தெரியாம இருந்தா நாலு நாள் நிம்மதியா சாப்பிடலாம்" என்றார். அவள் கெஞ்சினாள், திட்டினாள், இரண்டு வேளை பேசாமல் இருந்து பார்த்தாள். மனிதர் அசைந்து கொடுக்கவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று கேட்டதற்கு, பூனைக்காவது இருட்டுமே என்றார். இப்படிப்பட்டவரை என்ன செய்வது?

அவளால் அப்படி இருக்க முடியாது. பிறவிக் குணம் ஒரு பக்கம், தொழில் ஒரு பக்கம். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங்கில் இருக்கிறாள். நாள் முழுக்கச் சட்டைகளை உள்பக்கம் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதே வேலை. வெளியே எல்லாச் சட்டையும் மாப்பிள்ளை மாதிரித்தான் இருக்கும், உள்ளே புரட்டினால்தான் விட்டுப்போன தையலும் தொங்கும் நூலும் தெரியும். உறவுக்காரர்கள் வீட்டுக்குப் போனால்கூடத் தலையணை உறையின் உள்பக்கம் பார்ப்பாள். அதைவிட முக்கியம், அவள் தன் புருஷனை நன்றாக அறிவாள். மூடி வைத்த எந்த யந்திரத்தையும் திறக்காமல் விட்டவரில்லை அவர். மிக்ஸி, கடிகாரம், பக்கத்து வீட்டுத் தையல் மெஷின், எதுவும் தப்பியதில்லை. கண் முன்னால் அந்தத் தலையை ஒரு தடவை திறந்து காட்டிவிட்டால் போதும், மிச்சத்தை அவருடைய ஆர்வமே பார்த்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டாள். கணக்கு சரியா தப்பா என்று தெரியாது. வேறு கணக்கும் அவளிடம் இல்லை.

கம்ப்யூட்டர் கதை தனி. முன்பு ஒரு முறை லிஃப்ட்டுக்காரர் ஓசியில் ஒரு சீட்டாட்டம் கிடைக்கிறது என்று இறக்கப் போனார். பக்கம் முழுக்க ஐந்தாறு பொத்தான்கள். அதில் ஒன்று மட்டும் பெரிதாக, பளபளவென்று பச்சை. இவருடைய தொழிலில் பச்சை என்றால் ஓட்டு, சிவப்பு என்றால் நிறுத்து. ஆயுசு முழுக்க அதை நம்பித்தான் கிணறு மாதிரி இருக்கும் குழிகளுக்குள் இறங்கி உயிரோடு ஏறி வந்திருக்கிறார். அமுக்கினார். அது சீட்டாட்டத்தின் பொத்தானே இல்லை, எவனோ வைத்த விளம்பரம். ஒன்றன்பின் ஒன்றாக ஏதேதோ வந்து உட்கார்ந்தது. கம்ப்யூட்டர் தானாகப் பேசியது, தானாகப் பாடியது, கடைசியில் மகள் கல்லூரிக்காக எழுதி வைத்திருந்த ஆய்வு மொத்தத்தையும் பூட்டிவிட்டது. வேலியில் போன ஓணான் கதைதான். மகள் அழுதுகொண்டே முதலிலிருந்து எழுதினாள். அதன்பிறகு, கடவுச்சொல் இல்லாமல் எதையும் உள்ளே ஏற்ற முடியாதபடி செய்துவிட்டுத்தான் வேலைக்கு வெளியூர் போனாள்.

சனிக்கிழமை மத்தியானம். அவர் அடுத்த அறையில் பேப்பரை விரித்துப் படுத்திருந்தார். இவள் மகளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் சத்தத்தைக் குறைத்து வைத்தாள்.

"அம்மா, அப்பா மறுபடியும் எதையாவது அமுக்கிட்டாரா?"

"அய்யோ, அவரு பாவம் அந்தப் பக்கமே வரதில்ல. எனக்குத்தான். ஒரு படம் பாக்கணும்டி. தொழிற்சாலைல குடுத்தாங்க."

பெற்ற பெண்ணிடம் இப்படி ஒரு பொய். ஆனால் உண்மையைச் சொன்னால் அடுத்த வண்டியில் ஓடி வந்து நிற்பாள், இவர் இன்னும் முறுக்கிக்கொள்வார்.

மகள் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "அவசரப்படாதம்மா. யார் அந்த சாப்ட்வேரைச் செஞ்சாங்களோ அவங்க பக்கத்துக்கே போய் எடு. நடுவுல கடை போட்டு உட்கார்ந்திருக்கவன்கிட்ட எடுக்காத. மேல அட்ரஸை எழுத்துக் கூட்டிப் படி. இறக்கினதும் உடனே திறக்காத, மேல வெச்சு ரைட் கிளிக் பண்ணினா ஸ்கேன்னு வரும், வைரஸ் இருக்கான்னு பாரு. ஏத்தறதுக்கு முன்னாடி ரெஸ்டோர் பாயின்ட் ஒண்ணு வை. எங்க இருக்குன்னு மெசேஜ்ல போடறேன்."

"அது என்னடி அது?"

"திரும்பி வர வழி. ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா இன்னிக்கு எப்படி இருந்துச்சோ அந்த நிலைமைக்கே கம்ப்யூட்டர் திரும்பிப் போயிடும். அப்புறம், நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு தட்டிக்கிட்டே போகாத. ஒவ்வொரு பக்கமும் படி. சந்தேகமா இருந்தா விட்டுடு, நான் வந்து பாத்துக்கறேன்." கடவுச்சொல்லையும் சொல்லிவிட்டு, வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

திரும்பி வர வழி. மகள் அனுப்பியபடியே தேடிப் பிடித்து அதை வைத்தாள். கம்ப்யூட்டர் இன்றைய தேதியைக் குறித்துக்கொண்டு, ஆயிற்று என்றது. இரும்புப் பெட்டிக்கு இருக்கிற கொடுப்பினை மனிதனுக்கு இல்லையே என்று நினைத்தாள். இவர் தலைக்கு அப்படி ஒரு தேதியை முன்பே குறித்து வைத்திருக்கக் கூடாதா? நினைத்ததும் கண் கலங்கியது. சீ, கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார் என்று தன்னையே அதட்டினாள்.

ஸ்கேன் மையத்துப் பெண் சொன்ன பெயரைத் தட்டினாள். முதலில் வந்ததைத் திறந்தாள். பக்கம் திருவிழாக் கடை மாதிரி மின்னியது. நடுவில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு பொத்தான், இறக்கிக்கொள் என்று. அவள் அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோனாள்.

"பச்சையைத் தொடாத!"

தூக்கிவாரிப் போட்டது. திரும்பினாள். அறை வாசலில், பேப்பரைக் கையில் சுருட்டிக்கொண்டு லிஃப்ட்டுக்காரர். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ!

"தூங்கலயா நீங்க?"

"எங்க தூங்க விட்ட? அது டுபாக்கூர் பொத்தான். பட்டவன் சொல்றேன், கேளு. இந்தப் பக்கமே ஆகாது. மூடு." சொல்லிவிட்டு உடனே போயிருக்கலாம். போகவில்லை. "அவ என்ன சொன்னா? செஞ்சவன் பக்கத்துக்குப் போகச் சொன்னாளா இல்லையா? அந்தத் தேடின லிஸ்டுல கீழ தள்ளு. இன்னும் கீழ. அதோ, அந்தச் சின்னது."

அப்போ போனில் பேசியதையும் கேட்டிருக்கிறார். படம் என்ன படம் என்பதும் தெரிந்துதான் இருக்கிறது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் போய்விடுவார். பக்கத்து நாற்காலியில் கிடந்த துணி மடிப்பை மட்டும் எடுத்துக் கட்டில்மேல் போட்டாள். சற்று நேரம் நின்று பார்த்தவர், காலால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

செய்தவர்களின் பக்கம் அழுது வடிந்துகொண்டிருந்தது. மின்னல் இல்லை, பச்சை இல்லை, ஒரு மூலையில் நீல எழுத்தில் ஒற்றை வரி. "நல்ல சரக்குக்கு இவ்வளவுதான் ஜோடனை" என்றார். முகவரியை இருவரும் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். இறக்கினார்கள். வைரஸ் பார்த்தார்கள், சுத்தம் என்றது. இந்த நிரல் உங்கள் கணினியில் மாற்றம் செய்ய அனுமதிக்கலாமா என்று கேட்டபோது, அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, வெளியிட்டவர் பெயரையும் பக்கத்தில் இருந்த பெயரையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ம் என்றார். அவள் கடவுச்சொல்லைப் போட்டாள். அடுத்த பக்கத்தில் ஒரு கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருந்தது: கூடவே இன்னொரு தேடுபொறியையும் தருகிறோமாம். "கூப்பிடாத விருந்தாளி" என்று அவரே கையை நீட்டி டிக்கை எடுத்தார். மவுஸ் அதோடு அவர் கைக்குப் போய்விட்டது.

பிறகு நீளமாக ஓர் ஒப்பந்தம். யாரும் படிக்காத சமாச்சாரம். அவள் சட்டைப் பட்டி பார்ப்பதுபோல வரிவரியாக விரல் வைத்துப் படித்தாள். பாதிக்கு மேல் புரியவில்லை. ஓரிடத்தில் விரல் நின்றது. நோயைக் கண்டறிய இதைப் பயன்படுத்தக் கூடாது என்று தடித்த எழுத்தில் இருந்தது.

அவரும் படித்துவிட்டார். "பாத்தியா? கண்டுபிடிக்கக் கூடாதாம். மூடிடலாம்."

"கண்டுபிடிக்க டாக்டர் இருக்காரு. நாம பாக்கத்தானே போறோம்."

"பாத்துட்டு?"

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. இவ்வளவு நேரம் பொத்தானும் கட்டமுமாக ஓடிக்கொண்டிருந்ததில், உள்ளே இருப்பது என்ன என்பதே மறந்துபோயிருந்தது. இப்போது மூடிவிட்டால்கூட நல்லதுதானோ என்று ஒரு கணம் அவளுக்கே தோன்றியது. லிஃப்ட்டுக்காரர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சம்மதம் என்ற இடத்தில் தட்டினார்.

முதல் படம் பக்கவாட்டில் வந்தது. கறுப்பில் ஒரு வெள்ளைக் கோடு, நெற்றி, மூக்கு, தாடை. உலகத்தில் எத்தனை கோடித் தலையோடு கலந்து வைத்தாலும் அந்த மூக்கை அவள் கண்டுபிடித்துவிடுவாள். அதற்கு மேலே, கசக்கிச் சுருட்டிய துணி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒன்று.

"ஏங்க! இருக்குங்க! இத்தனை வருஷமா இல்லன்னுல நெனச்சிட்டிருந்தேன்!"

அவர் சிரித்தார். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! "சத்தம் போடாத, பக்கத்து வீட்ல கேட்டா நம்ப மாட்டாங்க" என்றபடி அடுத்த தொகுப்பைத் திறந்தார். இது வேறு மாதிரி, தலையைக் கழுத்திலிருந்து மேலே மேலே தட்டுத் தட்டாக வெட்டிய படங்கள். மவுஸின் சக்கரத்தை உருட்டினால் ஒரு தட்டு ஏறியது.

"அட, மாடி மாடியா போகுது பாரு" என்று முன்னால் குனிந்தார். "எப்படிப் பண்றானுங்க? வெட்டாமயே உள்ள போறான்!" பழுதைப் பார்க்க வந்தவர்போல ஒவ்வொரு தளமாக நின்று நின்று ஏறினார். இது என்ன ஓட்டை, இது காதா, இந்தக் கறுப்பு ஏன் இப்படி வளையுது என்று அவளைக் கேட்டார், அவளுக்குத் தெரிந்தமாதிரி. அவளும் தெரிந்தமாதிரியே சொன்னாள்.

ஏதோ ஒரு தட்டில் அவர் விரல் நின்றது. ஓரத்தில், ஒரு பக்கம் மட்டும், வெள்ளையாக ஒரு புள்ளி. தலையின் மறுபக்கத்தில் அது இல்லை. புள்ளி எல்லோருக்கும் இருப்பதோ, இவருக்கு மட்டும் வந்ததோ, படத்தின் தூசியோ, யார் கண்டது? ஒரு தட்டு கீழே இறக்கினார். இல்லை. மறுபடி ஏற்றினார். இருந்தது.

தெருவில் எவனோ பழைய இரும்பு கேட்டுக்கொண்டு போனான். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்தாள். லிஃப்ட்டுக்காரர் அவளுடைய கையைப் பிடித்தார். பிடித்த கையின் ஆள்காட்டி விரலை எடுத்துக்கொண்டுபோய்த் தன் காதுக்குப் பின்னால், முடிக்குள், ஓரிடத்தில் வைத்து அழுத்தினார்.

"இங்கதான். ரொம்ப நாளா வலிக்குது."

அந்த இடம் சூடாக இருந்தது, வெறும் தோல், எலும்பு, கொஞ்சம் நரைமுடி. உள்ளே என்ன இருக்கிறது என்று விரலுக்கு எதுவும் தெரியவில்லை.

"டாக்டர் எத்தனை மணிக்கு வராருன்னு சொன்னாங்க?"

"காலைல" என்றாள்.

"சரி. நேத்தே கேக்கணும்னு நெனச்சேன்" என்றார். விரலை அவளும் எடுக்கவில்லை, அவரும் விடச் சொல்லவில்லை. தலையை அசைக்காமல் உட்கார்ந்தபடி, மறு கையால் சக்கரத்தை மெல்ல உருட்டினார். புள்ளி சிறுத்து மறைந்தது. அதற்கு மேலே இருந்த தட்டில், கறுப்புக்குள்ளிருந்து இரண்டு வெள்ளை வட்டங்கள் எழுந்து வந்தன. அவருடைய கண்கள், இமையில்லாமல், விரியத் திறந்து.